புழுவ திங்கறது யாரு? லார்வா பத்தி டெல்டாக்காரங்களுக்கு ஒரு எளிய விளக்கம்

முருங்கை மரத்துல கொத்துக் கொத்தா அப்பிக்கிட்டு இருக்குற கம்பளிப்பூச்சி, தண்ணித் தொட்டில துள்ளித் துள்ளிப் போற கொசுப்புழு, எருக்குழி வெட்டும்போது மம்முட்டில மாட்டுற கட்டவிரல் தடிமன் வெள்ளப்புழு, கத்திரிக்காய அறுத்தா உள்ளேருந்து எட்டிப் பாக்குறது, பழைய அரிசி டப்பாவுல நூல் கட்டிக்கிட்டு கெடக்குறது. பாத்தா இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தமே கிடையாதுன்னு தோணும். ஆனா எல்லாமே ஏதோ ஒரு பூச்சியோட பிள்ளைப் பருவம் தான். லார்வா லார்வான்னு பாடப் புத்தகத்துல வர்றது இதுதான், ஊர்ல நாம பொதுவா புழுன்னு சொல்லிட்டுப் போயிடுறோம்.

பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி, ஈ, கொசு, வண்டு, குளவி, எறும்பு இதுங்களுக்கெல்லாம் வாழ்க்கை நாலு கட்டம். முட்டை, புழு, கூட்டுப்புழு, கடைசியா முழுப் பூச்சி. இதுல புழுவுக்கு ஒரே ஒரு வேலை தான், திங்கறது. ஜோடி தேட வேண்டாம், முட்டை போட வேண்டாம், றெக்கை வளக்குற செலவு கூட அப்போதைக்கு கிடையாது, தின்னு தின்னு தோல் பத்தாமப் போனா அத உரிச்சுப் போட்டுட்டு மறுபடியும் திங்கும். பட்டுப்புழு முட்டையிலேருந்து வந்து கூடு கட்ட ஆரம்பிக்கிறதுக்கு 25 நாள் சொச்சம் ஆகும், அதுக்குள்ள அதோட எடை சுமார் 10,000 மடங்கு ஏறிடும். ஏன் இவ்ளோ அவசரம்னா, கூட்டுக்குள்ள போனதுக்கப்புறம் சாப்பாடு கிடையாது, உடம்பையே கரைச்சு வேற உடம்பா மாத்துறதுக்கு வேண்டிய கொழுப்பு, புரதம் எல்லாத்தையும் முன்னாடியே சேத்து வச்சாகணும். சில பூச்சி றெக்கை முளைச்சதுக்கப்புறமும் சாப்பிடவே சாப்பிடாது, புழுவா இருந்தப்ப தின்னத வச்சே மிச்ச நாள ஓட்டிரும்.

மண்புழு, அட்டை, வயித்துல வர்ற நாக்குப்பூச்சி இதெல்லாம் இந்தக் கணக்குல சேராது, அதுங்களுக்கு சாகுற வரைக்கும் றெக்கை முளைக்காது. வெட்டுக்கிளி, தட்டான், கரையான் இன்னொரு ரகம், கூட்டுப்புழு கட்டமே இல்லாம தோல உரிச்சு உரிச்சே பெருசாகும். கறாரா சொன்னா அந்தக் குஞ்ச நிம்ஃப்னு சொல்லணும். திங்கற பறவைக்கு அந்தக் கறாரெல்லாம் கிடையாது, அதனால நானும் சில இடத்துல சேத்தே பேசுறேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கயே தீத்துடுவோம். பூச்சிய பாத்தா நல்லது, புழுவ பாத்தா கெட்டதுன்னு ஒரு நெனப்பு நமக்கு இருக்கு. கறிவேப்பிலைச் செடில பாருங்க, காக்கா எச்சம் மாதிரியே கருப்பும் வெள்ளையுமா ஒண்ணு இலை மேல கெடக்கும், லேசா குச்சியால தொட்டா தலைக்குப் பின்னாடிலேருந்து ரெண்டு கொம்பு செவசெவன்னு நீட்டி ஒரு நாத்தத்த விடும், அது சாட்சாத் வண்ணத்துப்பூச்சியோட புழு. புழு இலைய மொட்டை அடிக்கும், பூச்சி பூவுல தேன் குடிச்சிட்டுப் போயிடும். இங்க புழு குற்றவாளி, பூச்சி நிரபராதி. தென்னைல காண்டாமிருக வண்டுக்கு இது அப்படியே தலைகீழ். எருக்குழில இருக்குற அந்த வெள்ளப்புழு மரத்த தொடறதே இல்ல, மக்குன சாணியும் செத்தையும் தான் அதுக்கு சாப்பாடு, நாலஞ்சு மாசம் அதுலயே கெடந்து வளந்து வண்டா பறந்ததுக்கப்புறம் தான் குருத்துல ஓட்டை போடும், அந்த மட்டை விரியும்போது கத்தரியால வெட்டுன மாதிரி வரும். சிவப்புக் கூன்வண்டுல மறுபடியும் புழு தான் மரத்த உள்ளயே தின்னு சாய்க்கும். ஆக எந்தப் பூச்சிக்கு எந்த வயசு ஆபத்துன்னு தெரியாம மருந்தும் கையுமா நிக்கறதுல பிரயோஜனம் இல்ல.

சரி, இத யாரு திங்கறா?

தூக்கணாங்குருவிய எடுத்துப்போம். கிணத்து மேல, வாய்க்கா மேல சாஞ்ச பனை ஓலைல கூடு தொங்கும், நெல்லு கதிர் வந்தா கூட்டமா எறங்கும், அதனால அது தானியம் திங்கற பறவைன்னு தான் எல்லாருக்கும் மனசுல பதிஞ்சிருக்கு. பெரிய குருவிக்கு அது சரிதான். ஆனா கூட்டுக்குள்ள இருக்குற குஞ்சுக்கு அதுங்க நெல்லு கொண்டு போகறதில்ல, புழுவும் பூச்சியும் தான் கொண்டு போகும். நம்ம வீட்டு சிட்டுக்குருவியும் அப்படித்தான். காரணம் சிம்பிள், ரெண்டு மூணு வாரத்துல ஒரு குஞ்சு ஒண்ணுமில்லாத தோல்லேருந்து றெக்கை, இறகு, சதை எல்லாம் வச்சுப் பறக்கணும், அதுக்கு புரதம் வேணும், நெல்லுல இருக்குறது முக்காவாசி மாவு. அதோட புழு மெத்து மெத்துன்னு இருக்கும், கடிக்க ஓடு கிடையாது, உடம்புல பெரும்பகுதி தண்ணி வேற, குஞ்சுக்கு தனியா தண்ணி கொண்டு வந்து ஊட்ட வேண்டாம். பருவமழைய ஒட்டி நிறைய பறவைங்க கூடு கட்டுறதுக்குக் காரணத்துல இதுவும் ஒண்ணு, மழை வந்தா தளிர் வரும், தளிர் வந்தா புழு வரும். சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டி மாட்டுறோம், மொட்டைமாடில அரிசி போடுறோம், தப்பில்ல, ஆனா தெருவுல ஒரு செடி கொடி இல்லாம எல்லாத்தையும் சிமெண்ட் போட்டு மூடிட்டா குஞ்சுக்குப் புழு எங்கேருந்து வரும்னு யாரும் கேக்கறதில்ல.

கம்பளிப்பூச்சிய தொட்டா நமக்கு அரிக்கும், கோழியே ஒதுங்கிப் போகும், ஆனா குயில் குடும்பத்துல சிலதுக்கு அதுதான் விருந்து. கொண்டலாத்திய புல்லுத் தரைல பாத்திருப்பீங்க, நீட்டு மூக்க மண்ணுல குத்திக் குத்தி வேருக்குக் கீழ இருக்குற புழுவ இழுத்து எடுக்கும். தென்னந்தோப்புல மரங்கொத்தி. நடவுக்கு வயல சேறாக்கி சேடை ஓட்டும்போது பவர் டில்லருக்குப் பின்னாடியே ஒரு பத்தடி விட்டு உண்ணிக்கொக்கும் மைனாவும் ஊர்வலமா வர்றத டெல்டால பாக்காதவங்க இருக்க முடியாது, மண்ணு பொரண்டா வெளிய வர்ற புழுவுக்குத் தான் அந்த ஊர்வலம்.

தண்ணிக்குள்ள நடக்குறது தான் இதவிடப் பெரிய கதை, ஆனா கண்ணுக்குத் தெரியாததால யாரும் பேசறதில்ல. மேட்டூர் தெறக்கிறதுக்கு வழக்கமான தேதி ஜூன் 12. கல்லணை தாண்டி வெண்ணாறு, வெட்டாறு, அப்புறம் கிளை வாய்க்கா, கன்னி வாய்க்கான்னு தண்ணி பிரிஞ்சு வந்து காஞ்சு கெடந்த வயல்ல நின்ன உடனே, மீன் வர்றதுக்கு முன்னாடி, தவளை வர்றதுக்கு முன்னாடி, சின்னச் சின்ன ஈ மாதிரி ஒரு கூட்டம் வந்து முட்டை போட ஆரம்பிக்கும். பாக்க கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது, ராத்திரி டியூப்லைட்ட சுத்தி மேகம் மாதிரி மொய்ச்சு காலைல திண்ணைல குவியலா செத்துக் கெடக்குமே அதுதான், கைரோனோமிட்னு பேரு. இதோட புழு சேத்துல குழாய் மாதிரி ஒரு கூடு கட்டிக்கிட்டு மக்குன வைக்கோலு, பாசி எல்லாத்தையும் தின்னும். ஒரு கை சேத்த அள்ளி வெள்ளத் தட்டுல போட்டு தண்ணி ஊத்தி அலசிப் பாருங்க, நூல் துண்டு மாதிரி ரத்தச் செவப்புல நெளியும். அந்தச் செவப்பு சாயம் இல்ல, நம்ம ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் வகையே தான். சேத்துக்குள்ள ஆக்சிஜன் ரொம்பக் கம்மி, கெடைக்குற கொஞ்சநஞ்சத்தப் புடிச்சு வச்சுக்க அதுக்கு இது தேவைப்படுது. மீன் தொட்டிக் கடைல பிளட் வேர்ம்னு பாக்கெட்ல விக்கிறாங்களே, அதே ஜாதி தான்.

கெண்டை, கெளுத்தி, அயிரை எல்லாத்துக்கும் இந்தச் செவப்புப் புழு பிடிச்ச சாப்பாடு. விரால் குஞ்சு செவசெவன்னு ஒரு கும்பலா மேல வந்து வந்து மூச்சு வாங்கிட்டுப் போகும், அப்பன் ஆத்தா கீழ காவல் நிக்கும், அந்தக் குஞ்சுங்க மொதல்ல கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர தின்னு கொஞ்சம் பெருசானதும் பூச்சிப் புழுவுக்கு மாறும். அப்புறம் அந்த மீன மடைல நிக்கிற மடையான் பிடிக்கும், நீர்க்காகம் பிடிக்கும், நாம குழம்பு வைப்போம். யோசிச்சுப் பாத்தா, மக்குன வைக்கோல நேரா மீனு திங்க முடியாது, கொக்கும் திங்க முடியாது, நடுவுல இந்தப் புழு தான் அத சதையா மாத்திக் குடுக்குது. வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022ல ராம்சார்ங்கற உலக சதுப்புநிலப் பட்டியல்ல சேந்துச்சு, கோடியக்கரை 2002லயே சேந்துருச்சு, பறவை பாக்க போறவங்க எல்லாம் மேல பாப்பாங்க, பறவை என்னமோ கீழ சேத்தத் தான் பாத்துக்கிட்டு இருக்கும். அரிவாள் மூக்கனோட மூக்கு அப்படி வளைஞ்சிருக்குறதே சேத்துக்குள்ள விட்டுத் தொழாவறதுக்குத் தான். கோடியக்கரைக்கு வர்ற உள்ளான் வகைல சிலது வடதுருவத்துப் பக்கம் குஞ்சு பொரிக்கிறதுங்க, அங்கயும் அந்தக் குஞ்சுங்க வளர்றது கோடைல பனி உருகின சதுப்புல பொரியிற பூச்சியையும் புழுவையும் தின்னு தான்.

தண்ணிக்குள்ள வேட்டைக்காரனும் உண்டு. தட்டானோட குஞ்சு அழுக்குப் பழுப்பு நெறத்துல சேத்தோட சேத்தா உக்காந்திருக்கும், கீழ் உதடு மடிச்சு வச்ச கை மாதிரி இருக்கும், கொசுப்புழு பக்கத்துல வந்தா அந்த உதட்ட படார்னு நீட்டிப் பிடிச்சு வாய்க்கு இழுத்துக்கும். பெருசானா தலைப்பிரட்டையையும், பொடி மீனையும் கூட விடாது. கொசு ஒழிக்கிறோம்னு குளத்துல கண்ட எண்ணெயையும் மருந்தையும் ஊத்துனா கொசுப்புழுவோட சேத்து இதுவும் போயிடும், கொசு ஒரு வாரத்துல திரும்பி வந்துரும், தட்டான் வர ரொம்ப நாள் ஆகும்.

இப்ப வயலுக்கு வருவோம், நான் முக்கியமா சொல்ல நெனச்சது இதுதான். நடவு நட்ட மொதல் மாசத்துல பயிர திங்கற பூச்சி ரொம்ப இருக்காது, ஆனா நான் மேல சொன்ன கைரோனோமிட், கொசு, மக்குறத திங்கற இன்னும் பல பொடிப் பூச்சி இதெல்லாம் ஏகத்துக்கு இருக்கும். இதுங்களால பயிருக்கு நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல. ஆனா வயல்ல இருக்குற சிலந்திக்கு இதுதான் முதல் பந்தி. தண்ணிலேருந்து இதுங்க றெக்கை முளைச்சு மேல வரும்போது ஓநாய் சிலந்தி தூர் பக்கத்துல காத்திருந்து பிடிச்சு தின்னும், தின்னு முட்டை போட்டுப் பெருகும். பயிருக்கு வயசாகி, தண்டுல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சி வர்ற நேரத்துல சிலந்திப் படை ஏற்கெனவே தயாரா நிக்கும். ஜாவாத் தீவுல நெல் வயல்கள்ல ஆராய்ச்சி பண்ணி 1996ல இத விளக்கமா வெளியிட்டாங்க, வயல்ல மக்குற பொருள் கூடுனா இந்த பொடிப் பூச்சியும் கூடுது, அதத் தொடந்து வேட்டைப் பூச்சியும் கூடுதுன்னு அதுல காட்டுனாங்க. நம்ம பக்கம் தக்கப்பூண்டுன்னு பசுந்தாள் செடிய வெதைச்சு மடக்கி உழுவறது உரத்துக்காகன்னு தான் பண்ணுறோம், அது மண்ணுக்கு மட்டும் போற சாப்பாடு இல்லன்னு இதுலேருந்து புரியும்.

ஆனா நடைமுறைல என்ன ஆகுதுன்னா, நட்ட இருவது நாள்ல எங்கயோ நாலு இலை சுருண்டிருக்கு, ஒரு குருத்து காஞ்சிருக்குன்னு கடைல போயி சொன்னா அவரு ஒரு பாட்டிலு, ஒரு குறுணை மருந்து பாக்கெட்டு கையில குடுத்து விடுவாரு, பக்கத்து வயக்காரர் அடிச்சிட்டாரு நாமளும் அடிச்சிடுவோம்னு ஒரு பயம் வேற. அந்த வயசுல பயிரு தூர் கட்டிக்கிட்டு இருக்கு, ஒரு குருத்து போனா இன்னொண்ணு வரும், இலை கொஞ்சம் போனாலும் ஈடு கட்டிக்கும். மருந்து அடிச்சா இலைச்சுருட்டுப் புழு சாகுதோ இல்லையோ, சிலந்தியும் அதோட சாப்பாடும் சேந்து போயிடும், அதுக்கப்புறம் புகையான் காத்துல வந்து எறங்கும்போது தடுக்க ஆளே இருக்காது. இந்தோனேசியால இப்படித்தான் புகையான் தாண்டவமாடி 1986ல நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்த அரசாங்கமே தடை பண்ணுச்சு. வியட்நாம்ல மொதல் 30, 40 நாள் மருந்தே அடிக்காதீங்கன்னு தனி பிரசாரமே 1990கள்ல நடந்துச்சு.

அதுக்காக குருத்த உள்ளேருந்து தின்னு காய வைக்கிற குருத்துப்பூச்சிய அப்படியே விட்ருங்கன்னு அர்த்தம் இல்ல. கணக்குப் பாத்து அடிக்கணும், தூர் கட்டுற பருவத்துல நூத்துக்கு பத்து குருத்து காஞ்சிருந்தா, இல்ல கதிர் வர்ற பருவத்துல நூத்துக்கு ரெண்டு வெண்கதிர், அதாவது மணி பிடிக்காம வெளுத்துப் போன கதிர், இருந்தா தான் மருந்த பத்தி யோசிக்கணும்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி செய்ய சின்ன வேலை இருக்கு. தாய் அந்துப்பூச்சி நாத்தோட இலை நுனிப் பக்கம் தான் முட்டையக் குவியலா போட்டு பழுப்பு ரோமத்தால மூடி வைக்கும், அதனால நடறதுக்கு முன்னாடி நாத்து நுனிய கிள்ளிட்டு நட்டா முட்டை வயலுக்குள்ளயே வராது. வயல்ல டி வடிவத்துல குச்சி நட்டு வச்சா பகல்ல கரிச்சான் குருவி உக்காந்து பூச்சி பிடிக்கும், கதிர் முத்துற நேரத்துல மட்டும் அந்தக் குச்சிய எடுத்துடணும், இல்லேன்னா தானியம் திங்கற குருவிக்கும் நாமளே நாற்காலி போட்ட கதையாயிடும்.

புழுவ புழுவே திங்கற சமாசாரமும் உண்டு. கொட்டக் கொட்ட குளவியாகும்னு நம்மூர்ல ஒரு பேச்சு இருக்குல்ல, குளவி ஒரு புழுவ தூக்கிட்டு வந்து மண் கூட்டுல வச்சு கொட்டிக்கிட்டே இருக்கும், கடைசில அந்தப் புழுவே குளவியா மாறிப் பறந்துரும்னு. பாத்தவங்க பொய் சொல்லல, புழுவ உள்ள வச்சத பாத்தாங்க, குளவி வெளிய வந்ததையும் பாத்தாங்க. நடுவுல நடந்தது தான் வேற. குளவி கொட்டறது புழுவ சாகடிக்காம அசைய விடாம மட்டும் வைக்க, செத்தா அழுகிடும், அசைஞ்சா முட்டைய நசுக்கிடும். கூட்டுக்குள்ள குளவி போட்ட முட்டை பொரிஞ்சு அதோட புழு இந்தப் புழுவ கொஞ்சம் கொஞ்சமா தின்னு கூட்டுப்புழுவாகி, அது தான் குளவியா வருது. இதவிடப் பொடிசா இருக்குற குளவிங்க இலை திங்கற புழுவோட உடம்புக்குள்ளயே முட்டை போடும், முதுகுல வெள்ளையா அரிசி அரிசியா ஒட்டிக்கிட்டு இருக்குற புழுவ பாத்தா அத நசுக்காதீங்க, அது குளவியோட கூட்டுப்புழு, இன்னும் கொஞ்ச நாள்ல உங்க வயலுக்கு வேலைக்கு வரப்போற ஆளு.

அடுத்தது நம்ம வீட்டு ஜீவன்ங்க. குப்பைய கிளறுற கோழி வெறுமனே கிளறல, ஈப்புழுவும் வண்டுப்புழுவும் தேடுது. அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மேய்க்கிறவங்க நூத்துக்கணக்குல ஓட்டிட்டு வந்து விடுறாங்க, சிந்துன நெல்லு மட்டும் இல்ல, நத்தை, பூச்சி, புழு எல்லாம் அதுங்க வயித்துக்குள்ள போகுது, பதிலுக்கு எச்சம் வயலுக்கு. நாட்டுக்கோழி வளக்குறவங்க கரையான் கட்டுறது ஒரு நல்ல வேலை: ஒரு பழைய பானைல கிழிஞ்ச கோணி, காஞ்ச சாணி, ஓலை, கந்தல் துணி எல்லாம் திணிச்சு தண்ணி தெளிச்சு சாயங்காலம் கரையான் இருக்குற எடத்துல கவுத்து வச்சா, காலைல பானைய தூக்கும்போது உள்ள கரையான் மொய்ச்சிருக்கும், அப்படியே குஞ்சுங்களுக்கு தட்டி விட்டா ரெண்டு நிமிஷத்துல காலி. கரையான் கறாரா லார்வா இல்லன்னு மேலயே சொல்லிட்டேன், ஆனா தீவனக் கணக்குல ஒண்ணு தான்.

கஜா புயல் 2018 நவம்பர்ல அடிச்சு பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை கொத்துக் கொத்தா சாஞ்சுச்சு. சாஞ்ச மரம் அப்படியே கெடந்து மக்குனா அதுதான் காண்டாமிருக வண்டுக்கு பிரசவ ஆஸ்பத்திரி. எருக்குழிய அப்பப்ப பொரட்டி விட்டா புழு மேல வரும், கோழியும் மைனாவும் மிச்சத்த பாத்துக்கும். மெட்டாரைசியம்னு ஒரு பச்சைப் பூஞ்சாணம் இருக்கு, அத எருக்குழில கலந்து விட்டா புழு நோய் வந்து சாகும், உடம்பு மேல பச்சையா பூத்துக் கெடக்கும்.

இப்போ எல்லாரும் கேக்குற பி.எஸ்.எஃப் புழு. பிளாக் சோல்ஜர் ஃப்ளைனு ஒரு கருப்பு ஈயோட லார்வா. அழுகுன காய்கறி, பழத்தோலு, சாப்பாட்டு மிச்சம் எல்லாத்தையும் ரெண்டு மூணு வாரத்துல தின்னு கொழுத்துடும், காய வச்சா எடைல சுமார் 40 சதவீதம் புரதம், முப்பது சதவீதம் வரைக்கும் கொழுப்பு, மத்த புழுவுல கம்மியா இருக்குற கால்சியம் இதுல நெறைய. ஈ நம்மள கடிக்காது, வீட்டு ஈ மாதிரி சோத்துல வந்து உக்காந்து தொல்லையும் பண்ணாது. மீன் தீவனத்துல கருவாட்டுத் தூளுக்குப் பதிலா இத சேக்கலாம்னு தான் உலகம் பூரா இதுக்கு இவ்ளோ மவுசு, ஐரோப்பால பூச்சிப் புரதத்த மீன் தீவனத்துக்கு 2017லயும் கோழி, பன்னிக்கு 2021லயும் அனுமதிச்சாங்க. யூடியூப்ல ஒரு பக்கெட்ட வச்சா லட்சாதிபதின்னு பேசுறத நம்பாதீங்க, ஆனா வீட்டுல பத்து கோழி இருந்தா தீவனச் செலவுல ஒரு பங்கு கொறையும்.

ஆரம்பிக்கிறவங்க ரெண்டு விஷயத்துல கவனமா இருக்கணும். புழு எத திங்குதோ அது கோழிக்குப் போகும், கோழிலேருந்து நமக்கு வரும், காட்மியம் மாதிரி உலோகம் இதோட உடம்புல சேரும், அதனால மருந்து அடிச்ச குப்பை, சாக்கடைக் கழிவு, பெயிண்ட் பட்டது எதையும் போடக்கூடாது. அடுத்தது, புழுவ மட்டுமே கொட்டிக் கொட்டிக் குடுத்தா கொழுப்பு கூடிரும், தவிடு, உடைச்ச தானியம், கீரையோட கலந்து தான் குடுக்கணும். முதிந்த புழு கருப்பாகி காஞ்ச எடம் தேடித் தானா ஏறி வெளிய வரும், பொறுக்குறது சுலபம்னு அதுவரைக்கும் காத்திருப்பாங்க, ஆனா அப்போ தோல் கெட்டிப்பட்டிருக்கும். குஞ்சுங்களுக்கு குடுக்குறதா இருந்தா அதுக்கு முன்னாடி, வெளுத்த பழுப்புல கொழுகொழுன்னு இருக்கும்போதே சல்லடைல சலிச்சு எடுத்துடுங்க.